லெமன் வெர்பினா: கிள்ளிவிடுங்கள், கொதிக்க விடாதீர்கள்

லெமன் வெர்பினா இலையைக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சைத் தோலைச் சீவியது போல் மணக்கும். அதே இலையை மென்று பார்த்தால் துளிப் புளிப்பு இருக்காது. இந்தச் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதிலேயே அடங்கிவிடுகிறது. எலுமிச்சை மணத்துக்குக் காரணமான சிட்ரால் என்ற பொருள் இந்த இலையின் எண்ணெயிலும் இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றில் இருக்கும் அமிலம் இதில் இல்லை. எண்ணெய் இருப்பது இலையின் நுண்ணிய சுரப்பிகளில். விரல் பட்டாலே வெளியே வரும். வெயிலில் காய்ந்தால் பறக்கும். கொதித்தால் ஆவியோடு போய்விடும். வளர்ப்பது, பறிப்பது, உலர்த்துவது, பானம் போடுவது எல்லாமே அந்த எண்ணெயைக் கடைசி நிமிடம் வரை இலைக்குள் காப்பாற்றும் வேலைதான்.

ஊர் தென்னமெரிக்கா. அர்ஜென்டினா, சிலி, பொலிவியா, பெரு பக்கம் தானாக வளரும் புதர். உகந்த இடத்தில் இரண்டு மூன்று மீட்டர் உயரம் போகும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஃபிலிபேர் கொமர்சோன் 1767 வாக்கில், பூகன்வீல் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் கப்பற்பயணத்தின்போது, பியூனஸ் அயர்ஸில் இதைச் சேகரித்தார். மாட்ரிட் தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த அந்தோனியோ பலாவு 1784-இல் இதற்கு அலோய்சியா என்ற பேரினப் பெயரை அச்சில் ஏற்றினார். ஸ்பெயின் இளவரசர் கார்லோஸின் மனைவி, பார்மாவின் மரியா லூயிசாவுக்குச் செய்த மரியாதை அது. இன்று மொராக்கோவில் இதைத் தேநீரோடு சேர்க்கிறார்கள். பிரான்சில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கிறார்கள். அர்ஜென்டினாவிலும் பராகுவேயிலும் மாத்தே பானத்தில் ஒரு கொத்து போடுகிறார்கள். நம் ஊரில் மூலிகை வளர்ப்போரின் மாடித் தொட்டிகளுக்கும் வந்துவிட்டது. வந்த கையோடு, இதையும் சர்வரோக நிவாரணி ஆக்கும் வீடியோக்களும் வந்துவிட்டன.

செய்ய வேண்டியவை

வாங்குமுன் கசக்கிப் பாருங்கள். "வெர்பினா" என்று கேட்டால் குளிர்காலத்தில் கொத்துக் கொத்தாகச் சிவப்பும் ஊதாவுமாகப் பூக்கும் அலங்காரச் செடியை எடுத்துக் கொடுப்பார்கள். அது தூரத்து உறவு. இலையில் எலுமிச்சை மணம் கிடையாது. "லெமன்" என்று அழுத்திச் சொன்னால் லெமன் பாம் வரலாம். அது புதினாக் குடும்பம்: தண்டு நாலு பட்டை, இலை அகன்று மெத்தென்று இருக்கும், கணுவுக்கு இரண்டு இலை. நாம் தேடும் செடியில் தண்டு சீக்கிரமே மரமாகிவிடும். இலை ஒடுங்கி, நுனி கூர்ந்து, விரல் நீளம் இருக்கும், தடவினால் சொரசொரக்கும். பெரும்பாலும் ஒரு கணுவில் மூன்று இலைகள், சில சமயம் நான்கு. பூ மிகச் சிறியது, வெள்ளை அல்லது வெளிர் ஊதா, கிளை நுனியில் கதிர் கதிராக வரும்.

மூன்று இலை என்ற அடையாளத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. நம் வீட்டு வாசலில் நிற்கும் அரளிக்கும் கணுவுக்கு மூன்று இலைதான், அதுவும் ஒடுங்கிய இலைதான். அரளி இலை தடித்து, தோல் போல வழவழப்பாக இருக்கும். எலுமிச்சை மணம் இருக்காது. அதன் நஞ்சு ஆளைக் கொல்லும். புகைப்படத்தை மட்டும் பார்த்து இலை பறித்து வெந்நீரில் போடுகிறவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூக்கு சாட்சி சொல்லாத இலை எதுவும் கோப்பைக்குள் போக வேண்டாம்.

உலர்ந்த இலைப் பாக்கெட் வாங்குவதானால் தாவரவியல் பெயரைப் பாருங்கள்: அலோய்சியா சிட்ரோடோரா. லிப்பியா சிட்ரியோடோரா, அலோய்சியா ட்ரிஃபில்லா என்று போட்டிருந்தாலும் இதுவேதான், பழைய பெயர்கள். ஊர்ப் பெயர் காலை வாரும். ஸ்பெயினில் "இயெர்பா லூயிசா" என்றால் இந்தச் செடி. பெருவில் அதே பெயருக்கு எலுமிச்சைப் புல்லைத் தருவார்கள். லிப்பியா என்றதும் சித்த மருந்துக் கடைக்காரருக்குப் பொடுதலை நினைவுக்கு வரலாம். நியாயம்தான். பொடுதலையும் முன்பு லிப்பியாவில் வைக்கப்பட்டிருந்த செடி, ஒரே குடும்பம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை அடைத்துக்கொண்டிருக்கும் உண்ணிச்செடியும் இந்தக் குடும்பத்து உறுப்பினர்தான்.

வெயிலும் வடிகாலும் கொடுங்கள். வெயில் குறைந்தால் செடி நெடுநெடுவென்று நீளும், மணம் குறையும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அக்னி நட்சத்திரச் சமயத்தில் சமவெளி மாடிகளில் மட்டும் உச்சிவேளைக்கு நிழல்வலை போதும். மண் கலவைக்குச் செம்மண், ஆற்று மணல், மண்புழு உரம் இருந்தால் போதும். உரத்தை அள்ளிக் கொட்டினால் இலை தளதளவென்று வரும், மணம் பின்தங்கும். இதன் வேர் தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. கோடையைவிட ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் தமிழ்நாட்டில் இதற்கு எமன். அந்த இரண்டு மாதமும் தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே தள்ளி வையுங்கள், தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். ஊட்டிக்காரர்களுக்குப் பிரச்சினை வேறு: மார்கழி, தை உறைபனி. இரவில் சுவரோரம் நகர்த்தி, அடித்தண்டைச் சுற்றிச் சருகு போட்டுவிட்டால் தப்பிக்கும்.

கை கூசாமல் கிள்ளுங்கள். புதிதாக வாங்கியவர்கள் செய்யும் தவறு, ஆசையாக வளர்த்துப் பார்ப்பது. விட்டுவிட்டால் இரண்டே கொம்பு மேலே ஓடும், கீழே மொட்டையாகி மரமாகிவிடும், நுனியில் பத்து இலை நிற்கும். செடி ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். பக்கக் கிளைகள் வந்ததும் அவற்றின் நுனியையும் கிள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு தடவை தேநீருக்குப் பறிப்பதும் ஒரு சிறு கவாத்துதான்: இலையை உருவாமல் தண்டோடு, ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். வருடத்துக்கு ஒரு தரம், புதுத் தளிர் கிளம்பும் நேரத்தில், பாதி உயரத்துக்கு வெட்டிவிடலாம். வெட்ட வெட்டத்தான் புதராகும்.

இலை உதிர்ந்தால் காத்திருங்கள். இது குளிரில் இலையுதிர்க்கும் இனம். மலைப்பகுதியில் தை மாதம் மொட்டைக் குச்சியாக நிற்பதைப் பார்த்து, செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். பிடுங்குமுன் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள்; உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்துவிட்டு வெப்பம் ஏறும்வரை விட்டுவையுங்கள். மற்றச் செடிகளெல்லாம் துளிர்த்த பிறகு இது சோம்பல் முறித்து எழும். சமவெளியில் இந்த மொட்டைக் கோலம் அவ்வளவாக வராது. அங்கே இலை மஞ்சளாகி உதிர்ந்தால் வேரில் ஈரமா என்று பாருங்கள். இலைக்கு அடியில் வலை போல நூலாடினால் சிலந்திப்பேன். தண்ணீரைப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவினாலே பாதி போய்விடும். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் மறுநாள் அந்த இலையைப் பறித்துப் பானம் போட முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

குச்சியில் பெருக்குங்கள். விதைக்காகக் காத்திருப்பது வீண். தோட்டத்தில் விதை பிடிப்பது அரிது. பூக்காத இளந்தண்டில் நாலு விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை அகற்றி, மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, மணலும் தென்னை நார்க் கழிவும் கலந்த கலவையில் நடுங்கள். மேலே பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தால் ஈரம் நிற்கும்.

பூக்கும் முன்பு பறித்து நிழலில் உலர்த்துங்கள். மொட்டு தெரியத் தொடங்கும் நேரம்தான் சேமிப்புக்கு நல்லது. பனி காய்ந்த காலை நேரத்தில், வெயில் ஏறுமுன் தண்டோடு வெட்டி, சிறு கொத்துகளாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இலை நொறுங்கும் பதம் வந்ததும் தண்டிலிருந்து உருவி, முழு இலையாகவே கண்ணாடிப் புட்டியில் போட்டு இருட்டில் வையுங்கள். பொடித்து வைத்தால் சுரப்பிகள் உடைந்து மணம் பறக்கும். பொடிப்பதைக் கோப்பைக்குப் போகும் நிமிடத்தில் கையாலேயே செய்யலாம். காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் மணம் நிற்கும் இலைகள் கொஞ்சம்தான், இது அதில் ஒன்று. துணிப் பையில் கட்டிப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைக்கலாம். மார்கரெட் மிட்செல் எழுதி 1936-இல் வெளியான "கான் வித் த விண்ட்" நாவலில் நாயகியின் தாயார் வரும்போதெல்லாம் அவர் உடையிலிருந்து வீசும் மணம் இப்படி வைத்த வெர்பினாப் பையுடையதுதான்.

வெந்நீரை ஊற்றி மூடிவையுங்கள். ஒரு கோப்பைக்குப் பச்சை இலை ஐந்தாறு, உலர்ந்ததானால் ஒரு தேக்கரண்டி. கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி, தட்டால் மூடி, ஐந்து நிமிடம் விட்டு வடிகட்ட வேண்டும். மூடியைத் திறந்ததும் மூடியின் உட்புறத்தில் நிற்கும் நீர்த்துளியை முகர்ந்து பாருங்கள். மூடாமல் விட்டிருந்தால் எது போயிருக்கும் என்று புரியும். நிறம் வெளிர்ப் பச்சை. சர்க்கரை இல்லாமலே குடிக்க முடியும். இதில் காஃபீன் இல்லை, அதனால் இரவில் குடித்துவிட்டுக் கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டியதில்லை.

பாலில் போட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால் இந்தச் செடியை வளர்க்க இந்த ஒரு காரணமே போதும். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிந்து பனீராகும். எலுமிச்சை மணமுள்ள பாயசமோ குல்ஃபியோ வேண்டுமென்றால் சாறு உதவாது; தோலைச் சீவிப் போட்டால் சில நேரம் கசப்பு இறங்கும். வெர்பினாவில் அமிலம் இல்லாததால் பால் திரிவதில்லை. அரை லிட்டர் பாலைக் காய்ச்சி அடுப்பை அணையுங்கள். பதினைந்து இலையைக் கையால் கசக்கிப் போட்டு மூடி, இருபது நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். பிறகு அந்தப் பாலில் குல்ஃபியோ கஸ்டர்டோ செய்துகொள்ளலாம். சேமியாப் பாயசமென்றால் சேமியாவைத் தனியாக வேகவைத்து, கடைசியில் இந்தப் பாலை ஊற்றி இறக்குங்கள். ஏலக்காய் மட்டும் வேண்டாம். இரண்டு மணமும் ஒன்றையொன்று தின்றுவிடும். சர்க்கரை டப்பாவில் உலர்ந்த இலையை அடுக்கடுக்காக வைத்தால் ஒரு வாரத்தில் சர்க்கரைக்கே மணம் ஏறிவிடும்.

செய்யக்கூடாதவை

கஷாயம் வைக்காதீர்கள். மூலிகை என்றதும் நம் கை தானாகப் பாத்திரத்தை அடுப்பில் வைக்கிறது. இரண்டு டம்ளர் ஒரு டம்ளராகச் சுண்ட வேண்டும் என்பது சுக்குக்கும் அதிமதுரத்துக்கும் சரி; வேரும் பட்டையும் கிழங்கும் கொதித்தால்தான் சாரத்தை விடும். இந்த இலையைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் சமையலறை முழுக்க எலுமிச்சை மணக்கும், டம்ளரில் மிஞ்சுவது வைக்கோல் ஊறிய தண்ணீர். இஞ்சியோடு சேர்த்துத்தான் வேண்டுமென்றால் இஞ்சியை முதலில் கொதிக்கவிட்டு, இறக்கிய பிறகு இலையைப் போடுங்கள்.

முழு இலையைத் தட்டுக்கு அனுப்பாதீர்கள். இலை முரடு, வேகவைத்தாலும் இளகாது. கறிவேப்பிலை போல ஒதுக்கிவிடுவார்கள் என்று நினைத்துத் தாளிப்பில் போட்டால் எண்ணெய்ச் சூட்டில் மணமும் போய், தொண்டையில் உறுத்தும் சருகு மட்டும் நிற்கும். ஊறவைத்து வடிகட்டுங்கள், அல்லது நடு நரம்பை உருவிவிட்டு மாவாக அரையுங்கள். வேப்பிலைக்கட்டிக்கு நாரத்தை இலையின் நரம்பை உரித்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வேப்பிலைக்கட்டிக்கு நாரத்தைக்குப் பதில் இதைப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மிளகாயும் பெருங்காயமும் கூடிய இடத்தில் வெர்பினா வாயைத் திறக்காது. ரசத்திலும் அப்படித்தான்.

எண்ணெய்ப் பாட்டிலை வாங்கித் தோலில் தடவாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நூறு கிலோ பச்சை இலையை வாலையில் இட்டு வடித்தாலும் எண்ணெய் கிராம் கணக்கில்தான் தேறும். ஆகவே உண்மையான வெர்பினா எண்ணெய் மலிவாகக் கிடைக்க வழியே இல்லை. மலிவான பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் எலுமிச்சைப் புல் எண்ணெயோ வேறொரு சிட்ரால் எண்ணெயோதான். இந்தக் குழப்பம் புதிதல்ல. கேரளத்து எலுமிச்சைப் புல்லிலிருந்து வடித்து, கொச்சித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய எண்ணெய்க்கு வெளிநாட்டு வாசனை வியாபாரிகள் வைத்த பெயர்களில் "இந்திய வெர்பினா எண்ணெய்" என்பதும் ஒன்று. எலுமிச்சைப் புல் எண்ணெயில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிட்ரால். வெர்பினா எண்ணெயில் அது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. மீதியில் லிமோனீனும் சினியோலும் இன்னும் பலவும் கலந்திருப்பதால்தான் இதன் மணம் மென்மையாக இருக்கிறது.

போலியைத் தடவுவது ஏமாற்றம் என்றால் அசலைத் தடவுவது ஆபத்து. வெர்பினா எண்ணெய் தோலில் ஒவ்வாமையைத் தூண்டும். தடவியபின் வெயில் பட்டால் எரிச்சலும் கருமையும் வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதன விதிகளில், வாசனைக்காகச் சேர்க்கக் கூடாத பொருட்களின் பட்டியலில் வெர்பினா எண்ணெய் இருக்கிறது. அப்சல்யூட் எனப்படும் சாற்று வடிவத்துக்கு மட்டும் விலக்கு. இந்தச் செடியைக் கொண்டாடும் ஐரோப்பாவே எண்ணெயை விலக்கி வைத்திருக்கிறது. "இயற்கையானது, பக்க விளைவு இல்லை" என்று எழுதி விற்கிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எண்ணெயைக் குடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. இலையைத் தொட்டுப் பறிப்பதற்கு இந்தப் பயம் வேண்டாம். இலையில் இருப்பது துளியிலும் துளி. தொட்டதும் அரிப்பெடுக்கிறவர்கள் மட்டும் ஒதுங்கிக்கொள்ளலாம்.

மருந்தை நிறுத்திவிட்டு இதைக் குடிக்காதீர்கள். ஐரோப்பிய மருந்து முகமை இந்த இலையை மரபு மூலிகையாக ஏற்றிருக்கிறது. எதற்கு? லேசான மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கு உதவியாகவும், வயிற்று உப்புசம் போன்ற சிறு செரிமானத் தொல்லைகளுக்கும். நெடுங்காலப் பழக்கத்தின் அடிப்படையில் கொடுத்த ஏற்பு அது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, உடல் பருமன் எதையும் இது குணமாக்கும் என்று அதில் சொல்லவில்லை. இலையில் வெர்பாஸ்கோசைட் என்ற பொருள் நிறைய இருப்பதால் அதைப் பிரித்தெடுத்து மாத்திரையாக விற்கிறார்கள். கோப்பையில் நீங்கள் ஊறவைப்பதும் மாத்திரைக்குள் செறிவாக அடைத்ததும் ஒன்றல்ல. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்ப்பது நல்லது, போதுமான ஆய்வு இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்றவர்களுக்கு நாளுக்கு ஓரிரு கோப்பை போதும்.

கொசுவுக்காக வளர்க்காதீர்கள். எலுமிச்சை மணம் இருக்கும் செடி எல்லாமே கொசு விரட்டி என்று விற்கப்படுகிறது. எண்ணெய் இலைக்குள் இருக்கும்வரை கொசுவுக்கு அதனால் ஒன்றும் இல்லை. கொசு ஒழிய, தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டுங்கள்.

பூனையையும் நாயையும் மேயவிடாதீர்கள். அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பு, நாய், பூனை, குதிரைக்கு ஆகாத செடிகளின் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. நிறையத் தின்றால் வயிறு கெடும்.

வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் குச்சியைச் சுருட்டிக்கொண்டு வராதீர்கள். பிரான்சிலோ துபாயிலோ உறவினர் வீட்டுத் தோட்டத்தில் பார்த்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவரும் ஆசை வரும். இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி நடவுப் பொருளுக்கு அனுமதியும் சுகாதாரச் சான்றும் வேண்டும். விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டால் வாதாட முடியாது. பூச்சியும் நோயும் குச்சியோடு சேர்ந்து வரும் என்பதுதான் காரணம். சுங்கத்தில் மாட்டுவது இந்தச் செடிக்குப் பழைய அனுபவம்தான். ஜோசஃப் தோம்பே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் தென்னமெரிக்காவில் பல ஆண்டுகள் அலைந்து சேர்த்த சேகரிப்போடு 1785-இல் ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்தில் இறங்கினார். அதிகாரிகள் தடுத்து வைத்ததில் பெரும்பாலான செடிகள் அங்கேயே அழுகிப்போயின. தப்பிப் பிழைத்த சிலவற்றில் லெமன் வெர்பினாவும் ஒன்று.

உங்களுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. மூலிகை நாற்று விற்கும் நர்சரியில் பெயரைத் தெளிவாகச் சொல்லி முன்பதிவு செய்யுங்கள். வந்ததும் இலையைக் கசக்கிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். வளர்க்கிறவர் யாராவது தெரிந்தால், மாசி பிறந்ததும் அவர் எப்படியும் கவாத்து செய்வார். வெட்டிப் போடும் குச்சியில் நாலு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.